வேலூர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாங்குகிற டீ-ஷர்ட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். காட்பாடியில் வீடு, ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறீர்கள், வாரத்தில் ஆறு நாள் டீ-ஷர்ட்தான். 300 ரூபாய்க்கு வாங்கினாலும் 800 ரூபாய்க்கு வாங்கினாலும் சில மாதங்களில் கழுத்து தொங்கிவிடுகிறது, நீளம் குறைந்து அகலம் கூடுகிறது, பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடுகிறது. எந்த பிராண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று கேட்கிறீர்கள்.

பிராண்ட் பேரைச் சொல்லி இதை முடிக்க முடியாது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்தவன். ஒரே யூனிட்டில் காலையில் ஒரு பேருக்கும் மதியம் இன்னொரு பேருக்கும் தைப்பது அங்கே சாதாரணம். அதே பேரில் இந்த வருடம் வருகிற துணி ஒரு இடத்தில் சாயம் போட்டதாகவும், அடுத்த வருடம் வருவது வேறு இடத்தில் போட்டதாகவும் இருக்கும். அதனால் லேபிளைப் பார்க்கிற நேரத்தில் கையில் இருக்கிற பீஸைத் திருப்பிப் பாருங்கள். கழுத்தும் தோள்பட்டைத் தையலும் உள்பக்கமும் பார்க்கத் தெரிந்துவிட்டால் லாங் பஜாரில் வாங்கினாலும் பெரிய ஷோரூமில் வாங்கினாலும் ஏமாறமாட்டீர்கள்.

முதலில் நீளம் குறைகிற விஷயம். டீ-ஷர்ட் துணி நெய்த துணி இல்லை, பின்னல் துணி, கண்ணி கண்ணியாகக் கோத்தது. சாயம் போடும்போதும் உலர்த்தும்போதும் அதை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போவார்கள். இழுபட்ட கண்ணி அப்படியே நின்றுவிடும். நீங்கள் வீட்டில் தண்ணீரில் போட்டதும் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நீளம் குறையும், அகலம் கூடும். உங்கள் டீ-ஷர்ட்டுக்கு நடந்தது இதுதான். இதைத் தடுக்கத்தான் காம்பாக்டிங் என்று ஒரு வேலை உண்டு, துணியை நீளவாக்கில் திரும்ப அமுக்கி, சுருங்க வேண்டியதை வெட்டுவதற்கு முன்பே சுருக்கிவிடுவார்கள். அதைச் சரியாகச் செய்தால் சுருக்கம் 5 சதவீதத்துக்குள் நிற்கும். 28 அங்குல நீளத்தில் 5 சதவீதம் என்றால் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவசர ஆர்டரில் அந்த வேலையைப் பேருக்குச் செய்து அனுப்பினால் இரண்டு அங்குலத்துக்கு மேல் போய்விடும், பைக்கில் குனிந்தால் முதுகு தெரியும்.

இதைக் கடையில் நின்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், பின்னால் ஒரு வழி சொல்கிறேன். ஆனால் பக்கத் தையல் திரும்புவதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நூலை முறுக்கித்தான் நூற்கிறார்கள். அந்த முறுக்கு துவைக்கும்போது பிரியப் பார்க்கும், கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும், சட்டையே உடம்பைச் சுற்றித் திரும்பும். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னலில்தான் இது அதிகம். இரண்டு தோள்பட்டைத் தையலையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்கவேண்டும். பக்கத் தையலே இல்லாமல் குழாய் மாதிரி வருகிற பீஸ் என்றால், துணியில் மேலிருந்து கீழே ஓடுகிற மெல்லிய கோடுகளைப் பாருங்கள், கீழ் மடிப்புக்கு அவை செங்குத்தாக நிற்கவேண்டும். புதிதாக இருக்கும்போதே சாய்ந்திருந்தால் நாலு துவையலில் இன்னும் சாயும். அதை எந்த இஸ்திரியும் நேராக்காது. ஒருமுறை திரும்பிய டீ-ஷர்ட் திரும்பினதுதான்.

அடுத்தது கழுத்து. ஒரு டீ-ஷர்ட்டுக்கு வயதாவது முதலில் கழுத்தில்தான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டி ரிப் துணியில், அதாவது வரி வரியாக இருந்து இழுத்தால் விரிகிற துணியில் இருக்கவேண்டும், அதில் லைக்ரா என்கிற இழுபடும் நூல் கொஞ்சம் கலந்திருக்கவேண்டும். தலை நுழைகிற அளவுக்கு இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குச் சுருங்கினால் நல்லது. மெதுவாக, சோம்பலாகத் திரும்பினாலோ ஓரம் அலை அலையாக நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் சரி. கடையில் படுக்கவைத்துப் பார்க்கும்போதே பட்டி தட்டையாகப் படியாமல் எழும்பி நிற்கிறது என்றால், கழுத்து வளைவுக்குத் தேவையானதைவிட நீளமாகப் பட்டியை வெட்டியிருக்கிறார்கள், அல்லது தைக்கும்போது உடம்புத் துணியை இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் உள்ளே திருப்புங்கள். பின் கழுத்தில் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள் வரைக்கும் ஒரு நாடா தைத்திருந்தால் அதைத் தைத்தவர் அக்கறையாகத் தைத்திருக்கிறார். டீ-ஷர்ட்டின் மொத்தப் பாரமும் தோள்பட்டைத் தையலில்தான் தொங்குகிறது. நாடா இல்லாவிட்டால் அந்தத் தையல் நாளாக நாளாக நீண்டு, தோள் கீழே இறங்கும். சில கம்பெனிகளில் துணி நாடாவுக்குப் பதிலாக, கண்ணாடி மாதிரி மெல்லிய ரப்பர் நாடாவைத் தையலுக்குள்ளேயே விட்டுத் தைப்பார்கள், மொபிலான் டேப் என்பார்கள், அதுவும் நல்லதுதான். பின் கழுத்தில் அரை நாடா மட்டும் இருந்தால் பரவாயில்லை ரகம். ஒன்றுமே இல்லாமல், துணி ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கிற ஓவர்லாக் தையல் மட்டும் இருந்தால் அது தினமும் போடுவதற்கானது இல்லை.

கை மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் வெளியே இரண்டு வரிசைத் தையல் ஓடவேண்டும். ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருந்தால் போதும். விரலால் லேசாக இழுத்துப் பார்க்கும்போது நூல் அறுகிற சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். தையல் ஓரத்தில் பொடிப் பொடியாக ஊசி ஓட்டை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி மழுங்கியிருந்தால் நூலை ஒதுக்காமல் அறுத்துக்கொண்டு போகும், அந்தப் புள்ளிகள் துவைக்கத் துவைக்கப் பெரிதாகும்.

துணியின் கனம் பற்றி எல்லோரும் ஜிஎஸ்எம் என்று பேசுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140 என்றால் மெல்லியது, 180 நடுத்தரம், 220-க்கு மேல் கனமானது. இப்போது கனமாகப் போடுவது ஃபேஷனாக இருக்கிறது. கனமாக இருந்தால் நாள்பட வரும் என்பது பாதி உண்மைதான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில் 240 ஜிஎஸ்எம் போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் உங்களால் தாங்க முடியாது, அது அலமாரியில் கிடந்துதான் நாள்பட வரும். 130, 140 என்றால் காற்று வரும், ஆனால் வேர்வையில் உடம்போடு ஒட்டும், உள்ளே தெரியும், சீக்கிரம் ஓட்டை விழும். நம் ஊருக்கு 160-இலிருந்து 190 வரை எடுங்கள். லேபிளில் ஜிஎஸ்எம் போடாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல் சைஸ் அரைக்கை டீ-ஷர்ட்டுக்குச் செலவாகிற துணி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதனால் அதைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ கிட்டத்தட்ட அதுதான் ஜிஎஸ்எம். வீட்டில் இருப்பதில் உங்களுக்குப் பிடித்தமான ஒன்றை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கை தானாகப் பழகிவிடும்.

கனத்தைவிட முக்கியம் நூல். பஞ்சைச் சீப்பால் வாருகிற மாதிரி வாரி, குட்டையான இழைகளைக் கழித்துவிட்டு நூற்றால் அது கோம்டு நூல். வாராமல் நூற்றது கார்டட். கார்டட் துணியில் குட்டை இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், உரசல்பட்டதும் உருண்டு உருண்டு பொடி முடிச்சாகச் சேரும். பை மாட்டுகிற தோள்பட்டையிலும் அக்குளிலும் இது முதலில் வரும். நூல் நம்பர் கூடக் கூட நூல் மெலியும், 30-ஆம் நம்பர் நூலில் பின்னினால் 150 ஜிஎஸ்எம் வாக்கில் வரும், 24-ஆம் நம்பரில் 180 வாக்கில் வரும். தினமும் போட உங்களுக்கு 24 கோம்டு சரியாக இருக்கும். பயோ வாஷ் என்று போட்டிருந்தால் நொதியை விட்டு மேலே நீட்டுகிற பிசிறைத் தின்னவைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதே. ஆனால் கடையில் தொடும்போது வழுவழுவென்று வெண்ணெயாக இருப்பதை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சிலிக்கோன் பூச்சு, சில துவையலில் போய்விடும். துணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள், முகத்தில் பூனைமுடி மாதிரி பிசிறு தெரியாமல் இருந்தால் நூல் நல்ல நூல்.

எந்த நூல் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தினமும் போட முழுக் காட்டன், அல்லது 5 சதவீதம் லைக்ரா கலந்த காட்டன். பாலியஸ்டர் கலந்ததைப் பிசி என்று சொல்லி விற்பார்கள், அதில் சுருக்கம் குறைவு, சாயம் நிற்கும், விலையும் குறைவு, ஆனால் வேர்வையைத் துணி குடிக்காது, உடம்பின் எண்ணெய்ப்பசை நூலில் பிடித்துக்கொண்டு துவைத்தாலும் நாற்றம் திரும்பத் திரும்ப வரும். காலையில் கோட்டை மைதானத்தில் ஓடப் போகிறவர்களுக்கு டிரை-ஃபிட் என்கிற, சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் நல்லது, ஓடி முடித்ததும் கழற்றிவிடுவார்கள். நாள் முழுவதும் போட்டிருக்கிற உங்களுக்கு வேண்டாம். 100% காட்டன் என்று போட்டிருப்பதில் சந்தேகம் இருந்தால், வீட்டில் உள் தையலிலிருந்து தொங்குகிற ஒரு நூல் துண்டைக் கொளுத்தாதீர்கள், தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், அது உங்களைத் தவறாக நினைக்கவைக்கும். உள்மடிப்பு ஓரத்திலிருந்து துணியின் நூலையே கொஞ்சம் உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் காட்டன், உருகி உருண்டையானால் கலப்பு.

இனி அளவு. நம் ஊர் ஆட்களில் நிறையப் பேருக்குத் தோள் குறுகலாக இருக்கும், வயிறு கொஞ்சம் முன்னால் இருக்கும், அதனால் வயிற்றுக்குப் பார்த்து எக்ஸ்எல் வாங்கித் தோள் முழங்கைப் பக்கம் இறங்கி நிற்கப் போடுகிறார்கள். தோளுக்குப் பார்த்து வாங்குங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்காரவேண்டும், அரை அங்குலம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. அகலம் கூடுதலாக இருந்தால் பக்கத்தைப் பிடித்துவிடலாம், தோளைப் பிடிப்பது பெரிய வேலை. எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42 என்று எழுதியிருப்பது பொதுவாக உங்கள் மார்பளவு. துணியின் அளவு அதைவிட இரண்டு முதல் நாலு அங்குலம் கூட இருக்கும், எவ்வளவு கூட என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். நிறையக் கடைகளில் டீ-ஷர்ட்டைப் போட்டுப் பார்க்க விடுவதில்லை. அதனால் நன்றாகப் பொருந்துகிற ஒரு டீ-ஷர்ட்டை வீட்டில் கட்டிலில் விரித்து, தோளிலிருந்து தோள், ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குள், கழுத்தோரத் தோளிலிருந்து கீழ் மடிப்பு, இந்த மூன்றையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு அளவு டேப்பை எடுத்துப் போங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆன்லைனில் வாங்குவதானாலும் அந்த மூன்று அளவைத்தான் சைஸ் பட்டியலோடு ஒப்பிடவேண்டும்.

போட்டுப் பார்க்க விட்டால் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காதீர்கள். கை இரண்டையும் தூக்குங்கள், பைக் ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி குனிந்து நீட்டுங்கள். கை தூக்கும்போது டீ-ஷர்ட் முழுவதும் மேலே ஏறினால் கைக்குழி, அதாவது கையை உடம்போடு தைக்கிற வளைவு, ஆழமாக வெட்டியிருக்கிறது. கைக்குழி அக்குளுக்குக் கிட்டே இருந்தால் கை மட்டும் நகரும், உடம்பு நகராது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. அளவு பிடிக்கவில்லை என்று நினைக்கிற டீ-ஷர்ட்டுகளில் பாதி இந்தக் கைக்குழித் தகராறுதான்.

வேலூரில் எங்கே வாங்குவது என்றால், லாங் பஜார், காந்தி ரோடு பக்கக் கடைகளிலும் சரி, காட்பாடி ரோட்டு ஷோரூம்களிலும் சரி, மேலே சொன்னபடி பார்த்தால் நல்லது கிடைக்கும். 350-இலிருந்து 600 ரூபாய்க்குள் நல்ல கோம்டு காட்டன் வாங்கமுடியும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பங்கு பேருக்கும் பிரிண்டுக்கும் போகிறது. ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம், ஆனால் மடிப்பு ஓரம் வெளிறியிருக்கிறதா, கழுத்து ரிப் இழுத்தால் திரும்புகிறதா என்று கூடுதலாகப் பாருங்கள், நெடுநாள் தேங்கிய சரக்கில் லைக்ரா செத்துப்போயிருக்கலாம். நடைபாதையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது என்று குவித்து விற்பதில் உண்மையான சர்ப்ளஸும் இருக்கும், செக்கிங்கில் கழித்த செகண்ட்ஸும் இருக்கும். உண்மையான சர்ப்ளஸ் என்றால் பெரும்பாலும் லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், தையல் அருமையாக இருக்கும். வெளிநாட்டு அளவு என்பதால் நம் எல்லுக்கு அங்கே பெரும்பாலும் எம் போதும். கோவை போகிற ரயில்கள் காட்பாடி வழியாகத்தானே போகின்றன. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் திருப்பூரில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற காதர்பேட்டையில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். அங்கே பார்த்தாலே கை தேறிவிடும்.

சுருக்கத்துக்கு வழி சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். பிடித்த ரகத்தில் ஒன்று மட்டும் வாங்குங்கள். அளந்து குறித்துக்கொண்டு மூன்று முறை துவைத்துவிட்டு மறுபடி அளங்கள். தேறினால் உடனே போய் அதே லாட்டில் ஐந்து பீஸ் எடுத்துவிடுங்கள். தெரிந்த கடைக்காரர் என்றால் ஒரு வாரம் எடுத்துவைப்பார். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே பேரில் வேறு துணி இருக்கும். ஆறு பீஸ் இருந்தால் ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு துவையல், வருடத்துக்கு ஐம்பது சொச்சம். மூன்றை வைத்து ஓட்டினால் நூறைத் தாண்டும், எந்தத் துணியும் அவ்வளவு சீக்கிரம் தேயத்தான் செய்யும்.

இப்போது தண்ணீர். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் இதுதான் பாதிக் காரணம். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கமெல்லாம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் இன்னும் கெட்டிருக்கிறது. பாலாற்றுக்காக வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது, நொய்யல் ஆற்றுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. நாம் உடுத்துகிற துணிக்கும் மாட்டுகிற செருப்புக்கும் இரண்டு ஆறுகள் விலை கொடுத்திருக்கின்றன, அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப்போடுகிற டீ-ஷர்ட் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கடினத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகத் துணியிலேயே தங்கும். துணி விறைக்கும், நிறம் மங்கும், அந்த விறைப்பைப் போக்கப் பிரஷ் போட்டால் நூல் தேயும். திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாக விடுங்கள், கடைசி அலசலில் ஒரு பக்கெட் தண்ணீருக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகர் விடுங்கள், படிவம் கரையும், வாசனை காய்ந்ததும் போய்விடும். ஆனால் பிளீச்சிங் போட்ட தண்ணீரோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, அதிலிருந்து வருகிற வாயு ஆபத்தானது. காம்ஃபர்ட் மாதிரியானவற்றை வாராவாரம் விடாதீர்கள், நூலின் மேல் பூச்சாகப் படிந்து வேர்வையை உறிஞ்சவிடாது.

துவைக்கிற கல்லில் அடிப்பது டீ-ஷர்ட்டுக்கு ஆகாது, கழுத்துப் பட்டியைப் பிடித்து முறுக்கிப் பிழிவது அதைவிட மோசம். உள்ளே திருப்பி, ஜீன்ஸ் ஜிப் இல்லாத துணிகளோடு போட்டு, பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். கொடியில் தோளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீளும். நடு உடம்பில் மடித்துப் போடுங்கள், நிழலில். நம் வெயிலுக்கு நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும்.

வயிற்றுப் பக்கம் பொடி ஓட்டை விழுவதைப் பூச்சி அரித்தது என்று நினைக்கிறார்கள். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பட்டனும் பைக் டேங்கும் உரசுகிற இடம் அது. அக்குளில் மஞ்சள் படிவது பெரும்பாலும் வேர்வையோடு, வேர்வையைத் தடுக்கிற வகை டியோடரன்ட்டில் இருக்கும் அலுமினியம் சேர்வதால். பிளீச்சிங் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும், ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் வைத்துத் துவையுங்கள். நிறத்தில் வெளிர் சாம்பல் வேண்டாம், வேர்வை நன்றாகத் தெரியும். கருப்பில் வேர்வை தெரியாது, காய்ந்ததும் உப்புக்கோடு தெரியும். நேவி, பாட்டில் பச்சை, வெள்ளை இவை உங்களுக்கு உதவும். அடர் நிறம் எடுக்கும்போது ஈரக் கைக்குட்டையால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், சாயம் நன்றாகவே ஒட்டினால் வேண்டாம்.

உங்களிடம் இப்போது இருப்பவற்றில், பக்கத் தையல் திரும்பியதை வீட்டில் மட்டும் போட வைத்துக்கொள்ளுங்கள். அகலம் மட்டும் கூடி மற்றபடி நன்றாக இருப்பதை ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கிற ஆல்ட்டரேஷன் டெய்லரிடம் கொடுத்து, அக்குளிலிருந்து கீழ் வரை பக்கத்துக்கு முக்கால் அங்குலம் பிடிக்கச் சொல்லுங்கள். சாதாரண மெஷினில் நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும், அதனால் கொடுக்கும் முன்பே ஓவர்லாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.